ரஜூலாவில் போனவனுக்கு ஒரு கப்பல் அழைப்பு

செம்பவாங், சிங்கப்பூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, வாசல் வரை தானாக நடந்து வருகிறாள் என்று படித்ததும் மனசு லேசானது. பேரனுக்குத் திருச்சியிலேயே கல்லூரியில் இடம் கிடைத்ததை இங்கே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் நலம். என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அக்கா போன வருஷத்திலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்குள் கைத்தடி, வெளியே போனால் சக்கர நாற்காலி. பேச்சும் ஞாபகமும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நாங்கள் சொகுசுக் கப்பலில் போய் வந்ததைப் பற்றி என் மகள் உன் மகனிடம் சொன்னாளாம். "காசு கொடுத்து யாராவது அந்தக் கஷ்டத்தை வாங்குவார்களா?" என்று நீ எழுதியிருந்தாய். எதை நினைத்து அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். 1971இல் ஆங்கிலேயர் இங்கே செம்பவாங்கில் இருந்த கடற்படைத் தளத்தைக் காலி செய்து போனபோது, அங்கே வேலை பார்த்த உன் அப்பா வந்த பணத்தை வாங்கிக்கொண்டு உங்கள் எல்லாரையும் ஊருக்குப் போகும் ரஜூலா கப்பலில் ஏற்றினார். நாகப்பட்டினத்தில் இறங்கி நீ எழுதிய முதல் கடிதத்தில் பாதிக்கு மேல் வாந்தியும் தலைச்சுற்றலும்தான். கித்தான் கூரைக்குக் கீழே, டிரங்குப் பெட்டிக்கும் அடுத்த வீட்டுப் பாய்க்கும் நடுவே, மழை வந்தால் சுருட்டிக்கொண்டு ஓடிய கதை. அதை அனுபவித்தவனிடம் "கப்பலில் விடுமுறை" என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனாலும் நீயும் தங்கச்சியும் எங்களோடு ஒரு முறை வர வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் உன் வயிற்றைப் பற்றிப் பேசிவிடுவோம். உன்னை அன்றைக்குப் புரட்டிப் போட்டது வங்காள விரிகுடா. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டுதான் வந்தாய், அதையும் நீயே எழுதியிருக்கிறாய். ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலாயா. நடுவில் மலாக்கா நீரிணை. இரண்டு பக்கமும் நிலம் மறைத்து நிற்பதால் பெரிய அலை அங்கே எழும்புவது குறைவு. நாங்கள் போன வழி அதுதான். வங்காள விரிகுடாவைக் கடக்கும் பேச்சே இல்லை. கப்பலும் வேறு. ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டியது, மொத்தக் கொள்ளளவு 8,500 டன்னுக்கும் குறைவு. கட்டிய புதிதில் ஐயாயிரம் பேருக்கு மேல், அறையில்லாமல் தளத்திலேயே படுத்து வரும் தளப் பயணிகளாக ஏற்றிக்கொள்ள அனுமதி இருந்ததாம், பிறகுதான் குறைத்தார்கள். நாங்கள் போன கெந்திங் டிரீம் 2016இல் ஜெர்மனியில் கட்டியது. 335 மீட்டர் நீளம், ஒன்றரை லட்சம் டன். அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் சுமார் 3,350 பேர். ரஜூலாவைப்போல் பதினேழு பதினெட்டு மடங்கு பெரிய கப்பலில், அதில் அடைத்ததைவிடக் குறைவான ஆட்கள். கப்பல் புரளாமல் இருக்கத் தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் துடுப்புப்போல் தகடுகள் இருக்கின்றன. அலைக்குத் தக்கபடி அவை தாமே சாய்ந்து கொடுக்கும். இரவு படுத்தபோது ஓடுகிற கப்பலில் இருக்கிறோம் என்பதே சில நேரம் மறந்துபோனது.

அப்படியும் பயமாக இருந்தால், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்க வேண்டும். ஆட்டம் முன்னாலும் பின்னாலும் உயரத்திலும்தான் அதிகம். மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள். தலை சுற்றினால் அறைக்குள் படுக்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிரு.

இந்தப் பயணத்துக்கு நாங்கள் கிளம்பியதே அக்காவை வைத்துத்தான். அவரை விமானத்தில் கூட்டிப்போய், பிறகு பேருந்து, பிறகு ஹோட்டல், மறுநாள் பெட்டி கட்டி இன்னொரு ஹோட்டல் என்றால், அவருக்குப் பாதி நாள் எங்காவது காத்துக் கிடப்பதிலேயே போய்விடும். மூன்று தலைமுறை ஒன்றாகப் போகும்போது எல்லாருடைய கால்களும் ஒரே வேகத்தில் போவதில்லை. பேத்திக்கு நீச்சல் குளத்துச் சறுக்கு வேண்டும், மருமகனுக்குத் தூக்கம் வேண்டும், என் வீட்டுக்காரிக்கு யாரோ சமைத்துப் போட வேண்டும், அக்காவுக்கு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். கரையில் இத்தனையையும் சேர்த்து வைக்க யாராவது ஒருத்தர் நாள் முழுக்க ஓட வேண்டும். கப்பலில் அவரவர் அவரவர் வழியில் போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரே மேசையில் கூடிவிடலாம். பெட்டியை ஒரு தடவை திறந்தால் போதும், ஊர்தான் நம்மிடம் வருகிறது.

இதற்குத் திட்டம் போடும்போது விளம்பரத்தில் பெரிதாகப் போடாத ஒன்றை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உனக்கும் அது முக்கியம். எல்லாத் துறைமுகத்திலும் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. பினாங்கில் ஜார்ஜ் டவுன் நகரத்தின் ஓரத்திலேயே, ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டிவிடுகிறார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே இறங்கலாம். புக்கெட்டில் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தப் படகு ஆடும், கால் எடுத்துத் தாண்ட வேண்டும். நடக்க முடியாதவர்களை அலை இருக்கும் நாளில் ஏற்ற மாட்டார்கள். தங்கச்சியின் முழங்காலை நினைத்தால், எந்த ஊரில் எப்படி இறக்குகிறார்கள் என்பதைப் பயண முகவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் அகலமான அறைகள் கொஞ்சம்தான். அதையும் பதிவு செய்யும்போதே சொன்னால்தான் கிடைக்கும்.

அறை என்றதும் இன்னொன்று. ஜன்னல் இல்லாத உள்ளறைதான் மலிவு. நாள் முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கு அது போதும், தூங்கத்தானே போகிறார்கள். வயசானவர்கள் கூட இருந்தால் மட்டும் பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார், அதில் பார்க்காதே. அக்கா மேல்தளத்துக்குப் போகத் தேவையே இல்லாமல், நைட்டியோடு உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மீன்பிடிப் படகுகள், எண்ணெய்க் கப்பல்கள், சரக்குப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போகிற கப்பல்கள் என்று ஒன்று மாற்றி ஒன்று. உலகத்திலேயே நெரிசலான கடல் பாதைகளில் ஒன்றல்லவா அது.

விளம்பரத்தில் போடும் கட்டணத்தை அப்படியே நம்பிவிடாதே. அதற்கு மேல் துறைமுகக் கட்டணம் உண்டு, பணியாளர்களுக்கான அன்பளிப்பை ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்கு என்று தனியாகக் கூட்டுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்த தொகையைக் கேட்டுத்தான் ஒப்பிட வேண்டும். கப்பலுக்குள் வெள்ளி (டாலர்) நோட்டை எடுக்கும் வேலையே இல்லை, அறை அட்டையைக் காட்டினால் கணக்கில் ஏறிவிடும். அதனாலேயே தினமும் ஒரு தடவை கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடு. இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையைத் தானாகப் பிடித்துக்கொண்டு பெரிய கட்டணம் வந்து நிற்கும். இன்னொன்று, மருந்து மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள். பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். தங்கச்சியிடம் சொல், இஸ்திரிப் பெட்டியும் மின்சார அடுப்பும் ஏற்ற விடமாட்டார்கள்.

புறப்படும் இடம் மரினா பே சொகுசுக் கப்பல் நிலையம். 2012இல் திறந்தது, நீ பார்த்திருக்க முடியாது. செம்பவாங்கில் ஏறினால் மாறாமல் கடைசி நிறுத்தமான மரினா சவுத் பியர் வரை ஒரே ரயில், அங்கிருந்து நடை தூரம். அக்காவுக்காக நாங்கள் டாக்சியில் போனோம். பக்கத்துப் படகுத் துறையிலிருந்துதான் குசுத் தீவுக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் படகு போகிறது. அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அக்கா நாற்காலியை நிறுத்தச் சொன்னார். ஐம்பதுகளில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளையாக வந்தபோது, கப்பலில் யாருக்காவது அம்மையோ காலராவோ கண்டால் எல்லாரையும் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கி வைத்துவிடுவார்கள் என்று வழி முழுக்கப் பயந்துகொண்டே வந்தார்களாம். பிள்ளைகள் யாரும் இருமக்கூட விடாமல் பார்த்துக்கொண்டார்களாம்.

கப்பல் கிளம்புமுன் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. ஆபத்து என்றால் எந்தத் தளத்தில், எந்த இடத்தில் கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். 2012இல் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பல பேருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்கு முன் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த விதியை மாற்றி, கிளம்பும்போதே நடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். சிலர் அலட்சியமாக நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985இல் தீப்பிடித்து நாற்பது பேர்வரை இறந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். நான் பேத்தியையும் பக்கத்தில் நிறுத்தி, அறையிலிருந்து படிக்கட்டு எந்தப் பக்கம் என்று நடந்து காட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. இந்தியச் சைவம் கிடைக்கிறது, ஹலால் கிடைக்கிறது. மதிய நேரத்தில் பஃபேயில் கல்யாணப் பந்திபோல் இடம் பிடிக்க வேண்டியிருக்கும். ஒன்றரை மணிக்குப் பிறகு போனால் நிம்மதி. பாட்டு, ஆட்டம், மாயாஜாலம் எல்லாம் உண்டு, பிள்ளைகள் பார்த்தார்கள். சூதாட்டக் கூடத்தை அனைத்துலகக் கடலுக்குப் போன பிறகுதான் திறக்கிறார்கள். அதில் எனக்கும் வேலையில்லை, உனக்கும் இல்லை.

பினாங்கில் இறங்கினோம். துறைக்கு வெளியே வந்ததும் எதிரே ஒரு மணிக்கூண்டு. விக்டோரியா ராணியின் அறுபது வருஷ ஆட்சிக்காக, வருஷத்துக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரத்தில் கட்டியது. அக்கா அதைப் பார்த்ததும், "இதைக் கப்பல்லேர்ந்து பார்த்தேன்டா" என்றார். பேருந்தில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டும் ஏற்பாட்டை நாங்கள் எடுக்கவில்லை. லெபுப் பாசார் வரை தள்ளிக்கொண்டே போனோம், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வளையல் கடை, பாட்டுச் சத்தம், மாலை கட்டுகிறவர்கள், தோசைக்கல் வாசனை. அங்கேயே குவீன் ஸ்திரீட்டில் மகாமாரியம்மன் கோவில், 1833இல் எழுந்தது. நடை திறந்திருந்தது. பிறகு கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை வெளியே நின்று பார்த்தோம். நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் 1801இல் எழுப்பியது. ரஜூலா நங்கூரம் போடுவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே நம்மவர்கள் அந்தத் தெருக்களில் கடை விரித்திருந்தார்கள் என்பதை அங்கே நடந்தால்தான் உணர முடிகிறது.

ஆனால் மாப்ளே, இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய நாள் அதுவுமில்லை. புக்கெட்டில் பிள்ளைகள் படகேறிக் கரைக்குப் போனார்கள். அக்காவும் நானும் மட்டும் கப்பலிலேயே தங்கினோம். அநேகமாக எல்லாரும் இறங்கிவிட்டதால் தளங்கள் காலியாக இருந்தன. கப்பல் பணியாளர் பையன் தேநீரைக் கொண்டுவந்து பால்கனியிலேயே வைத்துவிட்டுப் போனான். அக்கா பேச ஆரம்பித்தவர் மதியம் வரை நிறுத்தவில்லை.

அம்மாவோடு அதே தளத்தில் திருவாரூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர் வந்தாராம். மலாயாவில் சுங்கை பட்டாணியில் தோட்டத்தில் வேலை செய்யும் புருஷனிடம் போகிறவர், கையில் கைக்குழந்தை. தனியாக வரும் இரண்டு பெண்கள். சாமான்களைக் காக்க முறை போட்டுக்கொண்டு தூங்கினார்களாம். அம்மா தூங்கினால் அவர் உட்கார்ந்திருப்பார், அவர் தூங்கினால் அம்மா. அந்தக் குழந்தைக்கு ஒரு ராத்திரி காய்ச்சல் வந்தபோது, தீவில் இறக்கிவிடுவார்களே என்று யாரிடமும் சொல்லாமல் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஈரத்துணி போட்டார்களாம். விடிந்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டது. பினாங்கில் அவர் இறங்கும்போது, "உங்களுக்கு இன்னும் தூரம் போகணும், வெச்சுக்குங்க" என்று தன் கோரைப்பாயை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

எந்தப் பாய் என்று உனக்கும் தெரியும். சிவப்புக் கரை போட்டு, ஒரு மூலையில் சேலைத் துணி வைத்துத் தைத்தது. குவார்ட்டர்ஸ் வராந்தாவில் நீயும் நானும் அதில் படுத்துக்கொண்டுதான் பரீட்சைக்குப் படித்தோம். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. அக்கா ஒளித்து வைத்ததுமில்லை. கேட்க எனக்கு நேரம் இருந்ததில்லை, சொல்ல அவருக்கு அப்படி ஒரு காலை நேரம் அமைந்ததில்லை. வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறது, மருத்துவமனை நாள் இருக்கிறது, சமையல் இருக்கிறது. எழுந்து போக வேறு இடமில்லாமல், செய்ய வேறு வேலையில்லாமல், எதிரே தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் இதெல்லாம் வெளியே வருகிறது. அதனால்தான் நீ வரும்போது எல்லா ஊரிலும் இறங்கியே ஆக வேண்டும் என்று திட்டம் போட வேண்டாம் என்கிறேன். பினாங்கில் இறங்குவோம். மற்றொன்றில் நாம் நான்கு பேரும் அக்காவும் கப்பலிலேயே இருப்போம். உன் ரஜூலாக் கதையை நான் கடிதத்தில் படித்திருக்கிறேனே தவிர, உன் வாயால் முழுசாகக் கேட்டதில்லை.

எப்போது வரலாம் என்றும் யோசித்துவிட்டேன். ஜூன், நவம்பர், டிசம்பர் இங்கே பள்ளி விடுமுறை. கட்டணமும் ஏறும், கூட்டமும் ஏறும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, புக்கெட் பக்கம் அலை இருக்கும். சீனப் புத்தாண்டு நெருக்கடி முடிந்து, மார்ச் மாதப் பள்ளி விடுமுறை வாரத்தையும் தவிர்த்துவிட்டால் நல்ல நாட்கள் கிடைக்கும். அப்படியே பங்குனி உத்திரத்துக்கும் இருந்துவிட்டுப் போ. நாம் காவடிக்குப் பின்னால் ஓடிய புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோவில் இப்போது ஈசூனில் இருக்கிறது. கேன்பரா ரோட்டுப் பக்கத்து அந்த மரம் இல்லை, ஆனால் உத்திரத்தன்று நமக்குத் தெரிந்த முகங்கள் இன்னும் வருகின்றன.

விசா விஷயத்தில் மட்டும் கவனம். கப்பல் ஏறும்போதே நீ சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு, திரும்பி இறங்குவது மறுபடி நுழைவது. அதனால் உங்கள் இருவருக்கும் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் அப்போதைய விதி என்னவென்று உன் மகனை அந்தந்தத் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் பார்க்கச் சொல். கடவுச்சீட்டு திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது கப்பல் பயணமும் அதில் அடங்குமா என்று கேட்டுக்கொள். கப்பலில் மருத்துவர் இருக்கிறார், செலவு அதிகம்.

கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து என் மகளுக்கு அனுப்பு. அதில் இருக்கிற மாதிரியே பெயரைப் பதிய வேண்டும், உன் அப்பா பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. அறையில் மூன்றாவது ஆளுக்குக் கட்டணம் குறைவு, பேரனுக்குப் பரீட்சை இல்லை என்றால் அவனையும் சேர்த்துவிடலாம். தங்கச்சிக்குக் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தால் போதுமா, உட்கார நாற்காலியும் வேண்டுமா என்று கேட்டு எழுது. அதைச் சொன்ன பிறகுதான் அறையைப் பிடிக்க முடியும்.

அக்கா உன்னை விசாரித்தார். வரும்போது நாகப்பட்டினத்துக் கருவாடு கொண்டுவரச் சொன்னார். கப்பலுக்கு இல்லை, வீட்டுக்கு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்